கல்லாற்றில் சக்கவரட்டி கிளறிய நாள்

ருக்மிணி அக்கா கல்லாறு நிறுத்தத்தில் இறங்கியபோது இடுப்பில் ஒரு வெண்கல உருளி இருந்தது. நான் என் குழந்தை வித்யாவை இடுப்பில் வைத்திருப்பது போலவே அவர் அதை வைத்திருந்தார். ஓடிப்போய் அவர் தோளிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டேன்.

நிறுத்தத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பேருந்தின் கூரைமேல் இருந்தது. நடத்துநர் ஏணியில் நின்று ஒரு சக்கையைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். சக்கை என்றால் நீங்கள் பலாப்பழம் என்று சொல்வது. நன்றாகப் பழுத்த வரிக்கை ரகம். அது தரையைத் தொடுமுன்பே அதன் வாசனை எங்களிடம் வந்துவிட்டது.

பழக்கடை பெஞ்சில் பேச்சு நின்றது. கடைக்காரி தங்கம்மை எழுந்து வந்து, இது ஆருக்கு என்று கேட்டாள். விதுராவில் பேருந்து நின்றபோது வாங்கினேன், எங்களுக்குத்தான் என்று அக்கா பெருமையாகச் சொன்னார்.

தங்கம்மை அக்காவை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். சாரின் மனைவி என்பதால் அவளுக்கு நான் சாரம்மா. "அந்திக்கு முன்ன தின்னு தீத்திருங்க சாரம்மா. தோலும் சவிணியும் ஆத்துல விடணும், கேட்டியளா." சவிணி என்றால் சுளைகளுக்கு நடுவே இருக்கும் நார்.

வீட்டுக்கு ஏறும் வழியில் அக்கா சிரித்தார். "என்ன ஊருடி லலிதா இது? சக்கை திங்கக்கூட ராகுகாலம் பாக்கறா."

பார்க்க வந்தவர்

நாங்கள் கல்லாற்றுக்குக் குடிபோன கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் கணவருக்கு வேளாண்மைத் துறையில் வேலை. மலையடிவாரத்து விவசாயிகளுக்கு வாழைக்கன்றும் ஒட்டுச்செடியும் கொடுப்பது, நோய் வந்தால் போய்ப் பார்ப்பது. பொன்முடி மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஆற்றங்கரையில், ஓடு வேய்ந்த ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வித்யாவுக்கு அப்போது ஒன்றரை வயது ஆகவில்லை.

ருக்மிணி அக்கா என் கணவரின் மூத்த சகோதரி. நகரத்தில் எங்கள் வலியசாலை அக்கிரகாரத்து வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. இளம் வயதிலேயே கணவரை இழந்து, படித்து, பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனவர். அவர் எங்களைப் பார்க்க வந்தது விருந்துக்காக அல்ல. குளிர்காலத்தில் தொடங்கிய இருமல் வித்யாவை விடவே இல்லை. டாக்டரிடம் போக விதுராவுக்கு இறங்க வேண்டும். மழை பலத்தால் பேருந்து வராது. குழந்தையையும் என்னையும் வலியசாலைக்கு அழைத்து வந்துவிடலாம், மாற்றல் கிடைக்கும்வரை என் கணவர் தனியாக இருக்கட்டும் என்று வீட்டில் பேச்சு. அக்கா வந்து பார்த்துத் தீர்மானிப்பதாக ஏற்பாடு.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. வித்யா இருமும்போது உடனே பெட்டியைக் கட்ட வேண்டும் போலிருக்கும். இருமல் நின்று அவள் ஆற்றுச் சத்தத்தில் தூங்கும்போது, இந்த மூன்று பேரும் இந்த ஓட்டு வீடும் போதும் என்று தோன்றும். அப்படித் தோன்றியதே தப்போ, குழந்தையின் உடம்பைவிட என் சௌகரியம் பெரிதாகிவிட்டதோ என்று மறுபடி பயம் பிடிக்கும்.

பேருந்து ஏறும் மலை

நகரத்திலிருந்து கல்லாறு போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த மலைநாடு எப்படிப் பிழைக்கிறது என்பதை முழுவதும் பார்த்துவிடலாம்.

நெடுமங்காடு வரை தென்னையும் மரச்சீனிக் கிழங்கும். அங்கே சந்தை நாளில் பேருந்து ஊர்ந்துதான் போகும். சாலையோரம் சாக்கு விரித்துச் செவ்வாழைக் குலைகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். தலையில் அன்னாசிக் கூடையோடு பெண்கள் பேருந்துக்கு முன்னால் நிதானமாக நடப்பார்கள். நாகர்கோவில் லாரியும் திருநெல்வேலி லாரியும் பின்பக்கத்தைத் திறந்துவைத்து நிற்கும்.

அதைத் தாண்டினால் ரப்பர். ரப்பர் பால் தர ஆறேழு வருடம் ஆகுமாம். அதுவரை வீட்டில் அடுப்பெரிவது கன்றுகளுக்கு நடுவே போட்ட அன்னாசியால்தான். விதுராவுக்கு மேலே பலாமரம் இல்லாத வீடே கிடையாது. மரத்தின் உடம்பில் மிளகுக்கொடி, கிளையில் சக்கை, நிழலில் இஞ்சி. ஒரு மரத்தடியில் ஒரு குடும்பமே பிழைப்பதைப் பார்த்து நான் வாய் பிளந்திருக்கிறேன். நகரத்தில் எங்கள் தெருவில் நிழலுக்குக்கூட ஒரு மரம் இல்லை.

கல்லாற்றுக்கு மேலே கிராம்பும் சாதிக்காயும். இன்னும் ஏறினால் பழம் நின்றுபோய்த் தேயிலை வரும். அங்கே லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தங்கம்மையும் அவள் கணவர் ஞானமுத்துவும் அந்த லயத்தில் பிறந்தவர்கள்தான். கொழுந்து பறித்தது போதும் என்று இறங்கி வந்து ஆற்றங்கரையில் கொஞ்சம் வாழை வைத்து, நிறுத்தத்தில் கடையும் போட்டிருந்தார்கள். பேசும்போது அவர்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே பாத்திரத்தில் வெந்தது போல வரும். வித்யாவுக்கும் அப்படித்தான் பேச்சு வரத் தொடங்கியது.

அங்கே எதையும் மாதத்தைச் சொல்லிப் பேசமாட்டார்கள். மிளகு விற்றபிறகு கல்யாணம். அன்னாசி லாரி போனபிறகு ஓடு மாற்றுவது. ஏத்தன் என்கிற நேந்திர வாழைக் குலை ஓணத்துக்கு. என் கணவர் ஒரு விவசாயியிடம் கடன் விண்ணப்பத்துக்காக வயது கேட்டபோது, அந்தப் பெரிய பலாமரம் முதலில் காய்த்த வருடம் பிறந்தேன் என்றாராம். என் கணவர் மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு வயது எழுதிக்கொண்டு வந்தார்.

சக்கை பழுக்கும் காலம் மட்டும் எல்லோருக்கும் பயம். காரணம் யானை.

காட்டுக்குள்ளிருந்து யானைக்குப் பழுத்த சக்கையின் வாசனை எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதற்குக் கல்லாற்றில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. அதனால் காயாக இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். சிலது பேருந்துக் கூரையில் நகரத்துக்குப் போகும், மீதி லாரியில் மலையைச் சுற்றித் தமிழ்நாட்டுக்கு. உச்சாணிக் கிளையில் தப்பி நின்ற காய்களை ஒருநாள் ஊரே சேர்ந்து இறக்கும். யாருடைய மரம் என்று பார்ப்பதில்லை. ஏறத் தெரிந்தவர் ஏறுவார். ஏற முடியாதவர் கீழே நின்று குறை சொல்வார்.

யாராவது ஆசைப்பட்டுப் பழம் வாங்கி வந்தால் பகலிலேயே தின்று தீர்க்க வேண்டும். எழுதி வைக்காத சட்டம். அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

வெந்தால் வேறு

இதை அக்காவிடம் சொன்னேன். நான் சொல்லும் விதத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிப்பது எனக்குப் பழக்கமில்லை.

என் கணவர் அன்று காலைப் பேருந்தில் மேலே பொன்முடிக்குப் போயிருந்தார். மறுநாள்தான் வருவார். அக்கா அவசரமே படவில்லை. மலைச் சக்கையின் ருசி நகரத்தில் கிடைக்காது, விறகும் இங்கே தாராளம், சக்கவரட்டி கிளறி வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்றுதான் உருளியைச் சுமந்து வந்திருந்தார். யானை விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"பழமா வெச்சிருந்தாத்தானே ஆபத்து? இது வெந்துடப் போறது. வெந்தாச்சுன்னா அது வேற வஸ்துவாக்கும்."

எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் தப்பே தெரியாது. அரிசியை யாரும் தொடலாம். சோறானதும் அது பத்து, தொட்டால் கை கழுவ வேண்டும். பச்சையாக இருக்கும்போது ஒரு சட்டம், வெந்தபின் வேறு சட்டம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யானைக்குப் பத்து தெரியுமா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உச்சி சாய்ந்ததும் அடுப்பு மூட்டினார். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்து, கொட்டை நீக்கி, வேகவைத்து மசித்து, வெல்லப்பாகில் போட்டு நெய் விட்டுக் கிளறினார். நடுநடுவே நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன். சுக்கும் ஏலக்காயும் விழுந்ததும் அந்த வாசனை சமையலறையில் நிற்க இடமில்லாமல் வெளியே போனது.

"வாசனை வெளியில போறது அக்கா."

"போகட்டுமே. வாசனை போனா பண்டம் குறைஞ்சுடுமா?"

மலைப்பக்கமிருந்து மஞ்சு என்கிற மூடுபனி இறங்கத் தொடங்கியது. மஞ்சு இறங்கினால் அடுப்புப் புகைகூட மேலே போகாது. கூரைக்குக் கீழேயே படுத்து மெல்ல நகரும், வாசனையும் அப்படித்தான். கல்லாற்றுக்கு வந்த புதிதில், துணி காயாது என்பதற்கு மேல் இதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

"இங்க தாங்க"

தங்கம்மை கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். பின்வாசலில் நின்று உருளியைப் பார்த்தாள். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டைப் பார்த்தாள். அடுப்பில் ஏற்றி எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டாள். மத்தியானத்திலிருந்து என்றேன்.

"குழந்தையை இங்க தாங்க சாரம்மா."

வித்யாவை வீட்டு மனிதர்களைத் தவிர யார் கையிலும் நான் கொடுத்ததில்லை. தங்கம்மையிடம்கூட. அவளே நாசூக்காகத் தூரத்திலிருந்து கொஞ்சுவாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் கை கிளறுவதை நிறுத்தியிருந்தது. தங்கம்மை கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கொடுத்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்த குட்டன்பிள்ளையின் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். குட்டன்பிள்ளை ஜீப் ஓட்டுபவர். எங்கள் வரிசையில் கான்கிரீட் கூரை போட்ட வீடு அது ஒன்றுதான். நான் பின்னாலேயே போய், வித்யா உள்ளே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துவிட்டு அக்காவுக்காகத் திரும்பி ஓடிவந்தேன்.

அதற்குள் எங்கள் சமையலறையில் ஊரே இருந்தது. யாரோ தோலையும் சவிணியையும் சாக்கில் அள்ளி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தி தரையில் சாம்பல் கரைத்த தண்ணீரை ஊற்றிப் பெருக்கினாள். இன்னொருத்தி தன் வீட்டிலிருந்து காய்ந்த மிளகாயை முறத்தோடு கொண்டுவந்து வைத்தாள். உருளியை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொட்டிவிட வேண்டுமா என்று அக்கா கேட்டார். வகுப்பறையில் மேசைமேல் பிரம்பு தட்டும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ.

"கொட்டவோ?" என்றார் குட்டன்பிள்ளை. "இத்தனை நெய் விட்ட சாதனத்தை ஆனைக்குக் கொடுக்கறதுக்கு நாங்க என்ன மண்டன்மாரா? பேடிக்க வேண்டாம்மா. வண்டியில ஏத்துங்கடே."

ஈரச் சாக்கைச் சுற்றி உருளியைத் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தார்கள். அந்த நேரத்திலும் அக்காவுக்கு, யாராவது கிளறாவிட்டால் அடி பிடித்துவிடும் என்று கவலை. ஞானமுத்து மறுபேச்சில்லாமல் ஏறி, உருளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கரண்டியைப் பிடித்தார். ஜீப் விதுராவை நோக்கி இறங்கியது. வளைவில் மறையும்வரை அவர் கிளறிக்கொண்டே போனார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அடுப்புத் தணலில் மிளகாயைக் கொட்டிவிட்டு எல்லோரும் மேட்டு வீட்டுக்கு ஓடினோம்.

மாடியிலிருந்து

வெளிச்சம் இன்னும் இருந்தது. வரிசையிலிருந்த வீடுகளின் பெண்களும் குழந்தைகளும் அந்த மாடியில் நெருக்கியடித்து நின்றோம். வித்யா தங்கம்மையின் மடியில் உட்கார்ந்து, அவள் ஊட்டிய அவித்த ஏத்தப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். வீட்டில் ஒரு வாய் வாங்க அரை மணி நேரம் அழ வைப்பவள். தங்கம்மை கை கழுவியிருப்பாளா என்று எனக்குத் தோன்றியது. இந்த நேரத்தில் இப்படித் தோன்றுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் தோன்றியது.

யானை சத்தமே இல்லாமல் வந்தது. ஆற்றுப் பாறைகளுக்கு நடுவே மஞ்சு கொஞ்சம் கறுத்தது போலிருந்தது, அவ்வளவுதான். கரையேறிய பிறகுதான் அதற்குக் காதும் காலும் தெரிந்தன. கொம்பில்லாத ஒற்றை யானை.

நேராக எங்கள் வீட்டுக்குப் போனது. சமையலறை ஜன்னலின் மரக்கம்பிகளை உடைத்துத் துதிக்கையை உள்ளே விட்டது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் பகலில் வித்யாவைத் தூங்க வைப்பேன். வித்யா தங்கம்மையின் மடியில்தான் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற யாரோ என் முதுகில் கை வைத்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.

மிளகாய்ப் புகை ஏறியிருக்க வேண்டும். யானை துதிக்கையை வெடுக்கென்று இழுத்துத் தரையில் தேய்த்துக்கொண்டது. கோபத்தோடு திரும்பி நடந்தது. போகிற வழியில் தங்கம்மையின் வாழைத் தோட்டம். அந்த வாரச் சந்தைக்கென்று நின்றிருந்த செவ்வாழைகளைத் தள்ளிச் சாய்த்து, குருத்தை உரித்து, வேண்டியதைத் தின்றுவிட்டு, வந்த வழியே ஆற்றில் இறங்கியது.

தங்கம்மை வித்யாவின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

அன்று எல்லோரும் அங்கேயே படுத்தோம். "ஏன் ஒருத்தரும் என்னை ஒண்ணுமே சொல்லலை?" என்று அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

வாசல்கள்

காலையில் அக்கா குளித்துவிட்டுத் தனியாகத் தங்கம்மையின் தோட்டத்துக்குப் போனார். நான் குழந்தையோடு பின்னால் போனேன். தங்கம்மை சாய்ந்த மரங்களை வெட்டி ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் என்னால் வந்தது என்று அக்கா சொன்னார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தங்கம்மை நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வருஷத்துக்கு ஒருக்க அது வராம இருக்காதும்மா. இந்தத் தடவை நீங்க தாம்பூலம் வெச்சு அழைச்சீங்க, அல்லே."

அக்காவுக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு தானும் சிரித்துவிட்டார். கீழே கிடந்த வாழைமட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கவும் ஆரம்பித்தார். மறுபடி குளிக்க வேண்டியிருக்குமே என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் குளிக்கவில்லை.

ஜீப் திரும்பி வந்தது. விதுராவில் ஒரு டீக்கடை அடுப்பில் உருளியை ஏற்றி, தேங்காய்ப் பல் போடலாமா கூடாதா என்று கடைக்காரரோடு சண்டையே போட்டு, ஞானமுத்து கிளறி முடித்திருந்தார். தேங்காய் போடவில்லை. அக்கா விரல் நுனியில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்து, பதம் சரியாக இருக்கிறது என்றார். பள்ளியில் முழு மதிப்பெண் கொடுக்கும்போதும் அவர் அதற்கு மேல் பேசமாட்டாராம்.

வருடம் முழுக்க வைத்துக்கொள்ளவென்று கிளறியது. வாழையிலையைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, அக்கா வரிசையில் ஒவ்வொரு வாசலாகப் போய்த் தன் கையாலேயே கொடுத்தார். அந்தக் காலைக்குள் உருளி காலியாகிவிட்டது.

மேலேயிருந்து வந்த பேருந்தில் என் கணவர் இறங்கினார். நடந்ததைக் கேட்டு, ஜன்னலைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார். அதே பேருந்தில் அக்கா கிளம்ப வேண்டும். ஓட்டுநர் தங்கம்மை கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார். இனி பெட்டியைக் கட்டு என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உடைந்த ஜன்னலைப் பார்த்த யாரும் வேறென்ன சொல்வார்கள்? நானே அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"உன்னை நாங்க யாரும் கேக்கவே இல்லையேடி. இருக்கியா, வரியா?"

டாக்டர் இல்லாததும் மழையில் நின்றுபோகும் பேருந்தும் அந்தத் துதிக்கையும் என் கண்முன் வந்தன. நீட்டிய கை ஒன்றும் வந்தது. அது யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் பொய். ஓட்டுநர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார், அதனால் எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"இருக்கோம் அக்கா."

"சரி. ஆத்துல நான் சொல்லிக்கறேன். யானை வந்ததையும் சொல்லுவேன். யார் அழைச்சான்னும் சொல்லுவேன். வலியசாலையில இத்தனை வருஷமா இருக்கேன், எங்காத்து அடுப்புல என்ன கொதிக்கறதுன்னு பாத்து ஒருத்தி கடையைப் போட்டுட்டு ஓடி வந்ததில்லை. அதையும் சொல்லுவேன்."

பேருந்து போய்விட்டது. நான் சொன்னது சரிதானா என்ற யோசனை அது வளைவு திரும்புமுன்பே வந்துவிட்டது. கைகாட்டி நிறுத்தினால் இன்னும் நிற்கும் தூரம்தான். வித்யாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.

முதல் வாசலில் ஒருத்தி கையில் வாழையிலைத் துண்டோடு நின்றிருந்தாள். நீங்களும் போறீங்கன்னு சொன்னாங்களே, போகலையா என்று கேட்டாள். "இல்லை, இருக்கோம்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அடுத்த வாசலிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வாசலிலும். குட்டன்பிள்ளையின் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டபோது, அவளுக்குக் காது கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.